டெர்வென்ட்வாட்டர் கரையில் கூடாரத்துக்குள் ஈரம்: என் அனுபவம்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் ஒற்றைத்துணிக் கூடாரம் அடித்துத் தங்கியபோது, விடியற்காலையில் தூங்கும் பையின் கால்மாடு தவறாமல் நனைந்திருந்தது. ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் சீத்வெயிட் அருகிலேயே இருப்பதால், ஒழுகல் என்றே கருதித் தையல்களுக்குப் பசை பூசியும், நீர்காப்புத் திரவம் தெளித்தும் பயனில்லை. விந்தை என்னவென்றால், மழையே இல்லாமல் வானம் தெளிந்திருந்த இரவுகளில்தான் ஈரம் மிகுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, தையல்கள் காய்ந்திருக்க, தலைக்கு நேர் மேலே துணியின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. எங்கள் மூச்சின் ஈரமே குளிர்ந்த துணியில் படிந்து, சரிவில் வழிந்து, கால்மாட்டில் துணியை உரசிய பையை நனைத்திருக்கிறது. குளிர்காற்று தேங்கும் கரையை விட்டுச் சற்று மேட்டுக்கு மாறி, நனைந்த காலணிகளை வெளியே வைத்து, மேலும் கீழும் உள்ள காற்றுத்திறப்புகளை இரவு முழுவதும் திறந்துவிட்டதும் பை காய்ந்தே கிடந்தது, நிம்மதியாக உறங்கினோம்.