ரொக்கெட் சோதித்த நிலத்தை இடித்துத் துப்புரவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தளம் ஒன்றை மூடினால் வாசலில் முதலில் வந்து நிற்பவர் பழைய இரும்பு வாங்குபவர். மண்ணையும் தண்ணீரையும் பார்க்க வேண்டியவர் கடைசியாகத்தான் வருகிறார். இந்த வரிசை மாறிப் போவதில் இருந்துதான் மற்ற எல்லாத் தவறுகளும் தொடங்குகின்றன.

திருகோணமலை சீனக்குடா மேட்டில் காடு மூடிக் கிடக்கும் எண்ணெய்க் குதங்களை (பெரிய தாங்கிகளை) பற்றி ஊரில் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குக் கலிபோர்னியாவின் சாந்தா சூசானா ஞாபகம் வரும். லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடமேற்கே மலைமேல் ஏறத்தாழ 2,850 ஏக்கர். 1940களின் கடைசியில் இருந்து 2006 வரை அங்கே ரொக்கெட் எஞ்சின்களை இரும்புக் கோபுரங்களில் பிணைத்து எரித்துப் பார்த்தார்கள். நிலாவுக்குப் போன சட்டர்ன் ரொக்கெட்டின் எஞ்சின்கள் சில அங்கே எரிந்தவைதான். அதே வளாகத்தின் இன்னொரு மூலையில் சிறு அணு உலைகள் இருந்தன, அதில் ஒன்றின் எரிபொருளில் ஒரு பகுதி 1959 ஜூலையில் உருகியது. மண்ணைத் துப்புரவாக்க நாசாவும் அமெரிக்க எரிசக்தித் திணைக்களமும் 2010இல் கலிபோர்னியா மாநிலத்தோடு உடன்பாடு எழுதி, 2017இல் முடிப்போம் என்றார்கள். முடியவில்லை. அங்கே நடந்ததைப் பார்த்தால் எங்கே தவறக் கூடாது என்பது நன்றாகவே விளங்கும்.

முதல் தவறு, இடத்தின் கதையைக் கேட்காமல் இடிப்பது. ரொக்கெட் தளம் என்று ஒரே பெயர் சொன்னாலும் ஒவ்வொரு கோபுரத்தின் அடியிலும் இருக்கும் நஞ்சு வேறு. திரவ எரிபொருள் எஞ்சின் என்றால் அதைக் கழுவிய கரைப்பான் இருக்கும், திண்ம எரிபொருள் என்றால் அது எரிய ஒட்சிசன் கொடுக்கும் பெர்குளோரேட் உப்பு இருக்கும், ஹைட்ரசீன் என்ற நச்சு எரிபொருள் பாவித்த இடம் என்றால் அது தனிக் கவலை. எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள், எதை எரித்தார்கள் என்பதெல்லாம் பாதி காகிதத்தில் இருக்கும், மீதி அங்கே வேலை செய்து ஓய்வுபெற்றவரின் நினைவில்தான் இருக்கும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். எங்கள் குதங்களுக்கும் இதே கதைதான். பிரிட்டிஷ்காரர் கட்டியது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் குண்டு போட்டபோது தீப்பற்றியது. அந்த மேட்டில் ஒரு பெக்கோ கையை வைக்குமுன் வெடிக்காத குண்டு ஏதும் உண்டா என்று தேடாமல் இறங்குவது மடத்தனம்.

அடுத்தது கட்டர். பழைய இரும்பில் பூசிய பெயின்ற்றில் ஈயம் இருக்கும், சிலவற்றில் பிசிபி என்ற நச்சு இரசாயனமும் இருக்கும். காஸ் கட்டரால் அப்படியே வெட்டினால் அந்த ஈயம் ஆவியாகி வெட்டுகிறவரின் நெஞ்சுக்குள் போகிறது, மிச்சம் அவர் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் படுகிறது. வெட்டும் கோட்டில் முதலில் பெயின்ற்றைச் சுரண்டி எடுத்து விட்டு வெட்டலாம், இல்லாவிட்டால் கத்தரிக்கோல் மாதிரி நறுக்கும் இயந்திரத்தைப் பாவிக்கலாம். அஸ்பெஸ்டஸ் கூரைத் தகட்டை நனைத்து, உடைக்காமல், ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் அதைச் சுத்தியலால் தட்டி இறக்கிப் பழகியிருக்கிறோம், தயவுசெய்து வீட்டிலும் அப்படிச் செய்யாதீர்கள்.

இனி நான் மிகவும் பயப்படும் தவறு. கொங்கிரீட் தளத்தை மாரிக்கு முன் கிளப்பி விட்டு மண்ணைத் திறந்து போடுவது. அந்தத் தளம் அசிங்கமாக இருக்கும், ஆனால் அடியில் இருக்கும் நஞ்சுக்கு அதுதான் குடை. குடையை எடுத்த பிறகு ஒரே ஒரு பெருமழை போதும், இத்தனை வருடமாக ஓர் இடத்தில் கிடந்தது ஓடைக்கு இறங்கி விடும். சாந்தா சூசானாவின் மழைநீரில் பெரும்பகுதி லொஸ் ஏஞ்சல்ஸ் ஆற்றின் தலைப்புக்குத்தான் போகிறது, அதனால் ஒவ்வொரு வெளிவாய்க்காலிலும் மாதிரி எடுத்துப் பார்க்கிறார்கள். எங்கள் மேட்டின் தண்ணீர் நேரே குடாவுக்குள் இறங்கும், அங்கேதான் எங்கள் ஆட்கள் வலை போடுகிறார்கள். இங்கே ஒக்டோபரில் வாடை தொடங்கினால் ஜனவரி வரை மழை. ஆகவே தளத்தைக் கிளப்புவது மழை குறைந்த கச்சான் காற்றுக் காலத்து வேலை. ஆனால் கச்சான் அடித்தால் தூசு பறக்கும், எனவே நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்தபடியே செய்ய வேண்டும், கிளப்பிய பகுதியை அன்றன்றே மூட வேண்டும். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு பழைய டீசல் கொட்டிலை ஒக்டோபர் தொடக்கத்தில் இடித்தார்கள். நத்தார் வருவதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய் மினுங்கியது. அடுத்த வருடம் முழுக்க பவுசர் தண்ணீர்தான் குடித்தோம்.

தோண்டி எடுத்தால் எல்லாம் சரி என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எஞ்சினைச் சோதிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெய்ப் பசை போகக் கழுவ ட்ரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானைப் பாவித்தார்கள். சுருக்கமாக டிசிஇ, புற்றுநோய் தரக்கூடியது. கழுவியதை அப்படியே நிலத்தில் ஓட விட்டார்கள். டீசல் தண்ணீரில் மிதக்கும், டிசிஇ தண்ணீரை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம் என்பதால் நிலத்தடி நீரையும் தாண்டி அடியில் போய் விடுகிறது. சாந்தா சூசானாவின் அடியில் இருப்பது வெடிப்பு விழுந்த மணற்பாறை. டிசிஇ அந்த வெடிப்புகள் வழியே இறங்கி, பிறகு பாறையின் நுண்துளைகளுக்குள் மெல்ல மெல்ல ஊறிப் போயிருக்கிறது. பம்ப் போட்டுத் தண்ணீரை இறைத்துத் துப்புரவாக்கினால் அளவு குறையும், பம்பை நிறுத்தினால் பாறை தான் ஊறிக் குடித்ததைத் திரும்பக் கக்கும், அளவு மறுபடி ஏறும். அமெரிக்காவில் குடிதண்ணீரில் இதற்கு விட்டிருக்கும் எல்லை லீற்றருக்கு 5 மைக்ரோகிராம்தான், ஒரு சிறு கசிவே பெருந்தொகைத் தண்ணீரைக் கெடுக்கும். பெக்கோவால் மேல் மண்ணை எவ்வளவு வழித்தாலும் இதைத் தொட முடியாது. ஆகவே முதலில் நஞ்சு எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று துளையிட்டுப் பார்த்து விட்டுத்தான் தோண்டும் கணக்கைப் போட வேண்டும்.

தோண்டுவது என்றாலும் கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டயரில் ஒரு மீற்றர் ஆழம் எடுத்தால் 10,000 கன மீற்றர். நாலு கியூப் டிப்பர் ஒன்றில் கிட்டத்தட்ட 11 கன மீற்றர் பிடிக்கும், தோண்டிய மண் பொங்கும் என்பதையும் சேர்த்தால் ஆயிரம் லோட்டுக்கு மேல். அவ்வளவும் எந்தத் தெருவால், யார் பள்ளிக்கூட வாசலால் போகிறது? எங்கே போய்க் கொட்டுகிறது? இடித்த சிதைவுகள் சாதாரணக் குப்பை மேட்டுக்கும் மீள்சுழற்சிக்கும் போனதாகச் சொல்லி கலிபோர்னியாவில் 2013இல் வழக்கே போட்டார்கள். அப்புறம் குழியை நிரப்ப அதே அளவு நல்ல மண் வேண்டும். எங்கள் பக்கம் என்றால் இன்னோர் ஊரின் கிரவல் மேடோ மகாவலி மணலோ காலியாகும், ஒரு நிலத்தைத் திருத்த இன்னொரு நிலத்தைக் கெடுப்பதை நான் திருத்தம் என்று ஏற்க மாட்டேன்.

பங்கு பிரிப்பதிலும் கவனம் வேண்டும். சாந்தா சூசானாவில் போயிங், நாசா, எரிசக்தித் திணைக்களம் என்று மூன்று பொறுப்பாளர்கள். இங்கே 99 குதங்கள், 2022 ஜனவரி உடன்பாட்டில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா இந்தியன் எண்ணெய் நிறுவனத்துக்கு. அவரவர் தம் எல்லைக்குள் மட்டும் மாதிரி எடுத்தால் நிலத்தடி நீரின் ஓட்டம் யாருக்கும் தெரியாது. ஒரே வரைபடம், ஒரே ஆய்வுகூட முறை என்று முதலிலேயே எழுதி வைக்க வேண்டும்.

நடுகிற விஷயமும் உண்டு. பச்சையாக்க வேண்டும் என்று இப்பில் இப்பிலையோ தேக்கையோ வரிசையாக நட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். இங்கே தானாக வளர்வது பாலை, வீரை, முதிரை. மேல் மண்ணில் உள்ளூர்ச் செடிகளின் விதை கிடக்கும், கெடாத இடத்து மேல் மண்ணைத் தனியாக வழித்து வைத்துத் திரும்பப் பரப்பினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சாந்தா சூசானாவில் சுமாஷ் பழங்குடியினரின் ஓவியக் குகை ஒன்று இருக்கிறது, அதைச் சுற்றி எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பதை அவர்களோடு பேசித்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. 2018 நவம்பரில் பெரிய காட்டுத் தீ அந்த வளாகத்தில்தான் தொடங்கி நிலத்தின் பெரும்பகுதியை எரித்தது. துப்புரவு இழுபட்டுக்கொண்டு போனால் இடையில் தீயும் வரும், அதற்கும் திட்டம் இருக்க வேண்டும்.

மேட்டைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை தொடங்கும் முன் உங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து வையுங்கள், முந்திய நிலை கையில் இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. செப்டெம்பரில் ஒரு தரம், மாரி முடிந்து பெப்ரவரியில் ஒரு தரம். டிசிஇ மாதிரி ஆவியாகும் பொருளுக்குக் கண்ணாடிப் போத்தல்தான், காற்றுக் குமிழி இல்லாமல் வாய் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் கொண்டு போனால் நஞ்சு வழியிலேயே பறந்து போய், தண்ணீர் நல்லது என்று காகிதம் வரும்.