நம் ரத்தம் நோயாளிக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். 28 வருடமாக ஆபரேஷன் மேசைக்குப் பக்கத்தில் நின்று டாக்டர்கள் கையில் கத்தியும் தையல் ஊசியும் எடுத்துக் கொடுக்கிறேன். என் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது. 2011-இல்தான் எனக்கே அது தெரியவந்தது.

நர்ஸிங் படிக்கும்போது நோயாளியிடமிருந்து நமக்கு எதுவும் ஒட்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தருவார்கள். நம்மிடமிருந்து அவர்களுக்குப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று என்னை உட்கார வைத்து யாரும் சொன்னதில்லை. தியேட்டருக்கும் பல் கிளினிக்குக்கும் புதிதாக வரும் நம் பிள்ளைகளுக்காக, எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வேலை, உங்கள் ரத்தத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்வது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி ஆகிய மூன்றுக்கும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதில் பி-யைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். ஊசி குத்துவதால் தொற்றும் வாய்ப்பு எச்.ஐ.வி-க்குச் சுமார் 0.3 சதவீதம், சி-க்கு 2 சதவீதத்துக்கும் கீழே. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்ற 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. காய்ந்துபோன ரத்தத்தில்கூட அது 7 நாள் உயிரோடு இருக்கும். அதனால்தான் தைப்பூசக் காவடிக்கு அலகு குத்தும் பெரியவரிடம் ஒவ்வொரு வருடமும் போய், “மாமா, ஆளுக்கு ஒரு ஊசி, பிரிக்காத பாக்கெட்” என்று சொல்லிவிட்டு வருகிறேன். அவரும் கேட்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஆரம்பித்தது 1995 ஏப்ரலில். அதற்கு முன் பிறந்தவர்களுக்குச் சின்ன வயதில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நானும் அந்தக் கூட்டம்தான். பயிற்சிக் காலத்தில் மூன்று டோஸும் போட்டுக்கொண்டேன். இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. கார்டில் மூன்று முத்திரை விழுந்ததும் கவலை விட்டது என்று நினைத்தேன். ஆனால் ஊசி போடுவதற்கு முன்னாலும் என் ரத்தத்தைப் பார்க்கவில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. ஏற்கெனவே வைரஸ் உள்ளே குடியிருந்தால் தடுப்பூசி எதையும் தடுக்காது. எனக்கு அநேகமாகக் குழந்தைப் பருவத்திலேயே வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். உடம்பு மஞ்சளாகவில்லை, சோர்வில்லை, ஒரு அறிகுறியும் இல்லை. “காமாலை வந்தால் கண்ணில் தெரியும்” என்பாள் என் ஆயா. என் கண்ணில் எதுவும் தெரியவில்லை.

அதனால் கடைசி டோஸ் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டிபாடி, அதாவது தடுப்பூசியால் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருள், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டாவது இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மறுபடி மூன்று டோஸ், மறுபடி பரிசோதனை. அப்போதும் ஏறவில்லை என்றால் உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்று சர்ஃபேஸ் ஆன்டிஜென் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். “ஊசி போட்டாச்சு” என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, நம் ரத்தம் நோயாளிக்குள் எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்வது. கையைத் தொடுவதாலோ, பிபி பார்ப்பதாலோ, மாத்திரை கொடுப்பதாலோ போகாது. டிரிப் போடுவது, ரத்தம் எடுப்பது, கட்டு மாற்றுவது இவற்றிலும், கையுறையும் ஒழுங்கான முறையும் இருந்தால் ஆபத்து மிகக் குறைவு. கையில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலை செய்யுங்கள். தோல் வெடித்து நீர் வடிந்தால் ஆறும்வரை நோயாளியைத் தொடும் வேலை வேண்டாம். உண்மையான ஆபத்து ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. திறந்த வயிற்றுக்குள்ளோ, இடுப்புக்குள்ளோ, வாய்க்குள்ளோ விரல் நுனி கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்ய, பக்கத்திலேயே ஊசி முனையோ, கத்தியோ, உடைந்த எலும்புச் சில்லோ இருக்கும் நேரம் அது. குத்தினால் நம் ரத்தம் அங்கேயே சொட்டும். இல்லாவிட்டால் நம்மைக் குத்திய ஊசியே திரும்ப உள்ளே போகும்.

எனக்கு நடந்தது இரண்டாவது. ஜூன் மாத இரவு, மூன்றாவது சிசேரியன். தையல் போட்டு மூடிக்கொண்டிருந்தோம். இளம் டாக்டர் மானிட்டரைப் பார்த்தபடியே, தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரை என் பக்கம் நீட்டினார், ஊசி முனை மேலே பார்த்தபடி. இடது ஆட்காட்டி விரலில் சுருக்கென்றது. நான் இரண்டு கையுறை போடுகிறவள், உள்ளே பச்சை, மேலே வெள்ளை. மேலுறையில் ஓட்டை விழுந்தால் ஈரம் இடையில் புகுந்து பச்சை பளிச்சென்று தெரியும். விரல் நுனியில் நகத்தளவு பச்சைத் திட்டு விரிவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஒரு நொடி, இரண்டு நொடி பேசாமல் நின்றேன். அதற்குள் டாக்டர் அதே ஊசியை எடுத்து இன்னொரு தையல் போட்டுவிட்டார்.

அந்த இரண்டு நொடிக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். குத்தியதும் வாய் திறக்க வேண்டும். “குத்திடுச்சு, ஊசியை வெளியே எடுங்க” என்று சத்தமாகச் சொல்லுங்கள். யார் தையல் போட்டாலும், எவ்வளவு பெரிய சர்ஜனாக இருந்தாலும் சரி. அந்த ஊசியும் அதைப் பிடித்த கருவியும் மேசையை விட்டுப் போக வேண்டும். உங்கள் இடத்தில் இன்னொருவர் வந்ததும் விலகிப் போய்க் கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விரலைப் பிதுக்க வேண்டாம், ப்ளீச் ஊற்ற வேண்டாம். அப்புறம் உங்கள் ரத்தம் நோயாளிக்குள் போயிருக்குமா என்று டாக்டரோடு சேர்ந்து யோசித்து எழுதி வையுங்கள். போயிருக்கலாம் என்றால், இப்போது உங்கள் ரத்தத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். நோயாளிக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும். உங்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி இருந்தால், நோயாளிக்குத் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெபடைடிஸ் பி இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த ஆன்டிபாடி ஊசியும் தடுப்பூசியும் நோயாளிக்கு 24 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது.

மறுநாள் காலை என் ரிசல்ட் வந்தது. எச்.ஐ.வி இல்லை, ஹெபடைடிஸ் பி இருக்கிறது. அந்தத் தாய்க்கு மதியத்துக்குள் இரண்டு ஊசியும் போட்டார்கள். என் பெயரைச் சொல்லாமல், நடந்ததை டாக்டரே ஜூலுவில் எடுத்துச் சொன்னார். பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா என்று மட்டும் அவள் கேட்டாளாம். கொடுக்கலாம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து அவளுக்கு எடுத்த பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்த அன்றுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஊசி குத்தாமலே இருக்க என்ன வழி? கைக்குக் கை கத்தி கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு கிட்னி டிஷ், அந்த வளைந்த தட்டை, வையுங்கள். ஒருவர் வைக்கட்டும், மற்றவர் எடுக்கட்டும். எங்கள் தியேட்டரில் முதலில் சர்ஜன்கள் முணுமுணுத்தார்கள், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. தசையையும் அதன் மேலுறையையும் தைக்க மழுங்கிய முனை ஊசி கேட்டு வாங்குங்கள். கையுறையில் ஓட்டை விழுவது அதனால் பாதிக்கும் மேல் குறைகிறது. இரண்டு கையுறை போட்டால் உள்ளுறையில் ஓட்டை விழுவது 71 சதவீதம் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். விரல் மரத்துப்போகும் என்பார்கள், ஒரு வாரம்தான். தையல் ஊசியை விரலால் சரிசெய்யாதீர்கள், அதற்கு ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கி இருக்கிறது. பயன்படுத்திய ஊசி, கத்தி போடும் ஷார்ப்ஸ் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள். ஒரு சிரிஞ்ச், ஒரு ஊசி, ஒரே ஒரு ஆள். மயக்க மருந்துப் புட்டிக்கும் அதே விதி. போதை தரும் வலி மருந்துகளைப் பூட்டி வைக்கும் ஷெட்யூல் 6 அலமாரிச் சாவியும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மருத்துவமனை ஒன்றில் ஃபென்டனில் என்ற அப்படியொரு மருந்தைத் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சைத் திரும்ப வைத்த ஊழியரால் நோயாளிகள் பலருக்கு ஹெபடைடிஸ் சி வந்தது. 2013-இல் அவருக்கு 39 வருடச் சிறை விதித்தார்கள்.

இனி, வைரஸ் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு. பயப்படாதீர்கள். ஃபுளோரிடா பல் டாக்டர் ஒருவரிடமிருந்து நோயாளிகளுக்கு எச்.ஐ.வி வந்தது 1990-இல் தெரியவந்தபோது உலகமே நடுங்கியது. மொத்தம் ஆறு பேர். ஆனால் அதற்குப் பிறகு எச்.ஐ.வி உள்ள மருத்துவ ஊழியர்களிடம் சிகிச்சை பெற்ற 22 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவில் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். ஊழியரிடமிருந்து வந்ததாக ஒரு தொற்றையும் காட்ட முடியவில்லை. இப்போது மருந்தும் இருக்கிறது. வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200 பிரதிக்குக் கீழே இருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் செய்துகொண்டால், எச்.ஐ.வி உள்ள சர்ஜன்கள் ஆபரேஷன் செய்யலாம் என்று பிரிட்டன் 2013-இல் அறிவித்தது. ஹெபடைடிஸ் சி-யை மாத்திரையால் முழுக்கக் குணப்படுத்தலாம். ஹெபடைடிஸ் பி உள்ளவர் ஆபத்தான ஆபரேஷன் வேலை செய்ய அமெரிக்காவின் 2012 வழிகாட்டுதல் சொல்லும் வைரஸ் எல்லை, ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 யூனிட். நான் தினமும் இரவு வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரை ஒன்று போடுகிறேன். அளவு இறங்கும்வரை ஃப்ளோர் நர்ஸாக நின்று, வெளியிலிருந்து பொருள் எடுத்துக் கொடுத்தேன். இறங்கியதும் மறுபடி மேசைக்கு வந்தேன்.

பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் என் ரிசல்ட் சீட்டு மூன்று நாள் மேசை மேல் திறந்தபடி கிடந்தது. நான்காம் நாள் டீ ரூமில் என் கப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த எந்தப் பெண் அடுத்த தடவை “குத்திடுச்சு” என்று சொல்வாள்? இந்த நாட்டில் 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி, தொழிலாளர் நீதிமன்றம் நியாயம் என்று ஏற்றால் ஒழிய, ஊழியருக்கு எச்.ஐ.வி பரிசோதனை செய்யக் கூடாது. எச்.ஐ.வி உள்ளவர் என்பதற்காக விமானத்தில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளர் வேலைக்கு ஒருவரைச் சேர்க்க மறுத்தது தவறு என்று 2000-இல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. சீட்டை உறையில் போட்டுக் கொடுங்கள், பேச ஒரு கதவுள்ள அறை கொடுங்கள், மாற்று வேலை கொடுங்கள். அப்போது பிள்ளைகள் தாங்களாகவே வந்து சொல்வார்கள்.

பரிசோதனைத் தேதி மறந்துபோகாமல் இருக்க என் வழி இது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும். தைப்பூச வாரத்தில் ஒன்று, ஆடியில் கோவிலில் கூழ் ஊற்றும் வாரத்தில் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஆறு மாதம். போன தையில் எடுத்ததில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது என்று வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு இரண்டு கையுறையோடு மேசையில் நின்றேன்.