அணியின் ஆட்டமுறைக்கு ஏற்ற ரெய்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தொண்டி முதல் மண்டபம் வரையிலான கடற்கரை ஊர்களில் கபடி அணி அமைப்போர், ரெய்டர் (எதிரணியின் களத்துக்குள் பாடிச் செல்பவர்) ஒருவரின் வேகத்தைக் கண்டு வியப்பதற்கு முன், தங்கள் அணி எவ்வழியில் புள்ளி சேர்க்கப்போகிறது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

தற்காப்பு வலுவாக உள்ள அணிக்கு, ஒரு முறை பாடிச் செல்லக் கிடைக்கும் 30 நொடிகளையும் பதறாமல் பயன்படுத்தி, எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து போனஸ் புள்ளியை எடுத்துத் திரும்பும் ரெய்டர் போதும். தற்காப்பு தளர்ந்த அணிக்கோ அவர் போதமாட்டார். போனஸ் புள்ளி ஆட்டமிழந்து வெளியே அமர்ந்திருக்கும் வீரரை மீட்டுத் தராது என்பதால், ஆளைத் தொட்டு வரும் துணிவுள்ளவரே அங்கே தேவை. பலரும் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

பயிற்சியில் ஏழு பேருக்கு எதிராக மட்டுமன்றி, மூன்று பேருக்கு எதிராகவும் அவரைப் பாட விடுங்கள். அந்நிலையில் பிடிபட்டால் எதிரணிக்கு இரண்டு புள்ளிகள் கிடைக்கும் என்பதால், அவசரக்காரர் யார் என்பது உடனே தெரிந்துவிடும்.

கடற்கரை மணலில் கால் புதையும். மேட் (mat) எனும் விரிப்பில் காலணி பற்றிப் பிடிக்கும். ஆகவே போட்டி விரிப்பில் நடக்குமானால், இறுதித் தேர்வையும் விரிப்பிலேயே நடத்துங்கள்.