வேலையிட விபத்துக் கணக்கு: படிக்கும்போதும் பதியும்போதும் செய்யும் தவறுகள்

இந்தியாவில் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் வேலையில் இறந்தார்கள். 4,000-க்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மும்பையில் இருக்கும் மத்திய அரசின் டி.ஜி.ஃபாஸ்லி என்ற இயக்குநரகம், மாநிலங்களின் தொழிற்சாலை ஆய்வாளர்களிடமிருந்து திரட்டி வைத்திருக்கும் கணக்கு இது. நாளுக்கு மூன்று உயிர் என்று செய்திகளில் வந்தது.

அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களில் பலர், "இந்தியாவில் நாளுக்கு மூன்று தொழிலாளர்கள் இறக்கிறார்கள்" என்று எழுதினார்கள். முதல் தவறு இதுதான். "பதிவு பெற்ற தொழிற்சாலைகளில்" என்ற மூன்று சொற்களை விட்டுவிட்டால் கணக்கின் பொருளே மாறிவிடுகிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், பயன்படுத்தாவிட்டால் 20 பேர் வேலை செய்யும் இடம்தான் அப்போது தொழிற்சாலை. ஏழு பேர் வேலை செய்யும் லேத் பட்டறை அதில் இல்லை. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் இல்லை. பாதாளச் சாக்கடையில் இறங்கியவர் இல்லை. பூச்சிமருந்து அடித்து மயங்கி விழுந்த விவசாயக் கூலியும் இல்லை. 2023–24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி நாட்டில் வேலை செய்பவர்களில் சுமார் 46% பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆகும் விபத்துகளுக்கு இந்தப் பட்டியலில் இடமே கிடையாது.

சரி, மற்ற துறைகளின் எண்களையும் எடுத்துக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். சுரங்க விபத்துகளை தன்பாத்தில் இருக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் எண்ணுகிறது. சாக்கடை மரணங்களைத் தூய்மைப் பணியாளர் ஆணையம் எண்ணுகிறது. போலீஸ் பதிவுகளை வைத்து தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தனியாக ஒரு விபத்துப் பட்டியல் போடுகிறது. ஒரே மரணம் இரண்டு பட்டியலில் வரலாம், எதிலுமே வராமலும் போகலாம். இவற்றைக் கூட்டி வரும் எண்ணுக்கு தேசிய மொத்தம் என்று பெயர் வைக்க முடியாது.

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துவிட்டு, உள்ளே மாட்டியவர்களைக் காப்பாற்றப் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள். தொழிலாளர் மரணம் என்ற கட்டத்தில் இவர்களை எங்கே எழுதுவது?

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காயங்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் பாதுகாப்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன எண்களை மறுபடி பாருங்கள்: 1,109 மரணத்துக்கு 4,000-க்குச் சற்று மேல் காயம். ஒரு மரணத்துக்கு நான்கு காயம். பிரிட்டனில் 2023–24-இல் வேலையில் இறந்தவர்கள் 138 பேர். முதலாளிகள் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்த காயங்கள் 61,663. அதாவது ஒரு மரணத்துக்குச் சுமார் 447 காயம். அதோடு அங்கே நிறுத்தவில்லை. வீடு வீடாக நடக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பில் மக்களிடமே நேராகக் கேட்டார்கள். சுமார் 6,04,000 பேர் வேலையில் அடிபட்டதாகச் சொன்னார்கள். முதலாளிகள் சொன்னதைப் போலப் பத்து மடங்கு. இரண்டு எண்ணையும் அந்த நாட்டு அரசே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுகிறது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பிரிட்டனில் பெரும்பாலான காயங்களை, ஏழு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால்தான் தெரிவிக்க வேண்டும். நம் சட்டத்தில் 48 மணி நேரம் வர முடியாவிட்டாலே தெரிவிக்க வேண்டும். நம் வலையின் கண் சிறியது, அதனால் நம் கணக்கில் காயங்கள் அதிகம் சிக்கியிருக்க வேண்டும். நான்குதான் சிக்கியிருக்கிறது. இந்தியத் தொழிலாளியின் உடம்பு இரும்பாலானது அல்ல. மரணத்தை மறைப்பது கடினம்: உடல் இருக்கிறது, போலீஸ் வருகிறது, பிரேதப் பரிசோதனை நடக்கிறது. நசுங்கிய விரலை மறைப்பது சுலபம்.

எப்படி மறைகிறது என்பதை ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தேன். பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல் போன ஒரு பையனோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வழியில் சூப்பர்வைசர் அவனிடம், "வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா, செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றார். வலியில் இருந்த பையன் அப்படியே சொன்னான். டியூட்டி டாக்டர் அப்படியே எழுதினார். முதல் வாரத்துச் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20% சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. ஆனால் அவன் கையில் இருந்த ஏ.ஆர். காப்பியில் (விபத்தைப் பற்றி ஆஸ்பத்திரி எழுதும் பதிவின் நகல்) "சாலை விபத்து" என்று இருந்தது. அந்த ஒரு வரியில் அவனுடைய இழப்பீட்டு வழக்கும் போனது, நாட்டின் கணக்கில் ஒரு காயமும் குறைந்தது.

ஆகவே தொழிலாளர் தரப்பில் தவிர்க்க வேண்டிய முதல் தவறு ஆஸ்பத்திரி வாசலில் நடக்கிறது. எந்த இடம், எந்த மெஷின், எத்தனை மணி என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, ஏ.ஆர். காப்பியில் அது ஏறியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ள இடமென்றால் ஆலையின் விபத்துப் பதிவேட்டிலும், முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கையான படிவம் 12-இலும் ஏறியதா என்று கேளுங்கள். "நமக்குத்தான் இ.எஸ்.ஐ. அட்டையே இல்லையே" என்று ஒதுங்கிவிடவும் வேண்டாம். வேலையில் பட்ட காயத்துக்கான பலனுக்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் உரிமை உண்டு. மானேசர், ஃபரிதாபாத் பக்கம் வாகன உதிரிபாக ஆலைகளில் விரல் இழந்தவர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு, அவர்களில் பெரும்பாலோருக்கு அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கையில் கிடைத்தது என்று தொடர்ந்து எழுதி வருகிறது.

விகிதங்களை ஒப்பிடும்போது வரும் தவறு சின்னதாகத் தெரியும், விளைவு பெரிது. நம் இந்தியத் தர நிர்ணயம் 10 லட்சம் வேலை மணிக்கு எத்தனை காயம் என்று கணக்கிடுகிறது. அமெரிக்க முறையில் 2 லட்சம் மணி. அமெரிக்க முறையில் 0.4 என்று காட்டும் ஆலை நம் முறையில் 2.0 ஆகிவிடும். கம்பெனி அறிக்கையில் எண்ணை மட்டும் பார்க்காமல், எத்தனை மணி நேரத்துக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்களின் மணி நேரமும் காயமும் சேர்ந்ததா என்று கேளுங்கள். 2020-ஐ வேறோர் ஆண்டோடு வைத்து "விபத்து குறைந்தது" என்று எழுதுவதும் இதே வகைதான். அந்த ஆண்டு மார்ச் கடைசியிலிருந்து பல வாரம் ஆலைகளே ஓடவில்லை.

இனிமேல் இந்த விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிற்சாலை என்பதன் வரம்பு 10, 20 என்றிருந்தது 20, 40 என்று உயர்ந்திருக்கிறது. அதனால் தொழிற்சாலை மரணம் குறைந்ததாக நாளை ஒரு எண் வந்தால், ஆட்கள் பிழைத்தார்களா அல்லது ஆலைகள் பட்டியலிலிருந்து வெளியேறினவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நோய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனிக் கட்டுரைக்கான விஷயம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் சேர்ந்து 2016-ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், வேலை காரணமான சுமார் 19 லட்சம் மரணங்களில் 81% நோயால் வந்தவை. நாம் எண்ணுவது விபத்தை மட்டும். கல்குவாரியில் தூசி தின்ற நுரையீரல், டி.பி. என்று எழுதப்பட்டு முடிந்துபோகிறது.

கடைசியாக இழப்பீட்டு எண்கள். இழப்பீட்டு ஆணையர்களிடம் வந்த வழக்குகளை வைத்து விபத்தை அளக்கக் கூடாது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் அந்த வழிக்கே வர முடியாது, அவர்களுக்கு இ.எஸ்.ஐ. மட்டும்தான். மற்றவர்களுக்கு 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் சூத்திரம், இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் இருக்கிறது.

குடும்பங்கள் ஏமாறும் இடம் இது: முதலமைச்சர் அறிவிக்கும் நிவாரணத்தையும் முதலாளி கொடுக்கும் பணத்தையும் இழப்பீடு என்று நினைத்துக்கொள்வது. நிவாரணம் அரசின் உதவி. இழப்பீடு முதலாளி மேல் சட்டம் சுமத்திய கடன். 30 வயதில், மாதம் 25,000 ரூபாய் வாங்கிய ஒருவர் வேலையில் இறந்தால், கணக்குக்கு எடுக்கும் சம்பளம் உச்சவரம்பான 15,000 மட்டும்தான். அதில் பாதி 7,500-ஐ அந்த வயதுக்குரிய 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய். சாவு வீட்டில் மூன்று லட்சத்தைக் கொடுத்து, "இனி எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்று பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது பல ஊர்களில் நடக்கிறது. அந்தப் பத்திரம் செல்லாது. மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி நேராகக் கையில் கொடுத்து முடிக்க முடியாது, அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12% வட்டியும் சேரும்.

திருப்பூரில் வேலையில் இறந்த ஒடிசாப் பையன் ஒருவனின் அம்மா இதற்காகத் திருப்பூர் வந்து அலைய வேண்டியதும் இல்லை. அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். உடலை ஊருக்கு ஏற்றிவிடும் ஆம்புலன்ஸில் ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை மூன்றின் நகலையும் யாராவது வைத்து அனுப்ப வேண்டும்.