சத்து மாத்திரை 'கேக்குமா'? ஆதாரம் பாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்க மருந்துக் கடையில ஒரு கூத்து. புளியரை பக்கமிருந்து ஒரு அண்ணாச்சி வந்து முட்டு வலிக்கு ஏதாவது சத்து மாத்திரை இருக்கான்னு கேக்க, புதுசா சேந்த நம்ம பையன் (டி.ஃபார்ம் முடிச்சு நாலு மாசந்தான் ஆகுது) டக்குனு ஒரு அட்டைய எடுத்து வச்சு, "இது ஸ்டடில ப்ரூவ் ஆயிருக்கு அண்ணாச்சி, கண்ண மூடிட்டு எடுங்க"ன்னான். பில் போட்டுட்டு இருந்த எனக்கு சிரிப்பும் வந்துச்சு எரிச்சலும் வந்துச்சு, ஏன்னா பத்தொம்பது வருசம் முன்னாடி இதே செங்கோட்டைல ஒரு கவுண்டருக்குப் பின்னாடி நின்னு நானும் இதையேதான் சொல்லிட்டிருந்தேன், ஒரு எழுத்து மாறாம.

எக்ஸ்பைரி பாக்காம வாங்குறது, வாட்ஸப் ஃபார்வர்ட நம்புறது இதெல்லாம் இங்க எழுதப்போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும். படிச்சவங்களே, "நான் ஸ்டடி பாத்துட்டுதான் சொல்றேன்"னு சொல்றவங்களே விழுற குழிகதான் இதுல இருக்கு. நான் விழுந்த வரிசைல சொல்லுதேன்.

"எடுத்தாங்க, கொறஞ்சுது"

இதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறாத ஒண்ணு, அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அப்ப க்ளூக்கோசமைன் மாத்திரை புதுசா சூடு பிடிச்ச நேரம். இறால், நண்டு ஓட்டுல இருந்து எடுக்கிற சாமான் (அக்ரஹாரத்து மாமி ஒருத்தங்க மூணு மாசம் சாப்பிட்டப்புறம் "இது எதுல பண்றா?"ன்னு கேட்டு நான் முழிச்சது தனிக்கதை). மாத்திரை கம்பெனியோட ரெப் (விக்க வர்ற ஆள்) வந்தான், வழவழ பேப்பர்ல அச்சடிச்ச ஒரு படம் காட்டினான், நான் சீட்டு எடுத்த காசப் போட்டு ஒரு பெட்டி நெறைய எறக்கினேன். ஆனா ரெப் பேச்ச மட்டும் நம்பக்கூடாதுன்னு எனக்கு ஒரு கெத்து. நாமளே ஆராய்ச்சி பண்ணிப் பாப்போம்னு ஒரு நோட்டு போட்டேன். யாரு வாங்கினாங்க, வாங்கும்போது வலி எப்படி, மறுபடி வரும்போது எப்படி, எல்லாம் தேதியோட. ஆனி ஆடில ஆரம்பிச்சேன், ஐப்பசி வரைக்கும். 22 பேர் திரும்பி வந்தாங்க, அதுல 17 பேர் "பரவால்ல தம்பி, கொறஞ்சிருக்கு"ன்னாங்க. எனக்கு தலைகால் புரியல. ஆரியங்காவுல இருந்தும் தென்மலைல இருந்தும் வர்ற சேச்சிங்க "மோனே, இது கழிச்சா முட்டுவேதன மாறுமோ"ன்னு (இத சாப்பிட்டா முட்டு வலி போயிருமான்னு) கேட்டா அந்த நோட்டயே திறந்து காட்டுவேன்.

இப்ப அந்த நோட்டுல என்ன கோளாறுன்னு பாருங்க. ஆனி ஆடின்னா நம்ம ஊர்ல சாரல், கணவாய் வழியா காத்து பிச்சுக்கிட்டு வரும், முட்டு வலின்னு கடைக்கு வர்ற கூட்டமே அப்பதான் ஜாஸ்தி. குளிரோ, வேலையோ, காரணம் என்னவும் இருந்துட்டுப் போகட்டும். வலிங்கிறது ஒரே மட்டத்துல நிக்கிற சாமான் இல்ல, ஏறும் எறங்கும். மனுசன் எப்ப காசு குடுத்து மாத்திரை வாங்குவான்? தாங்க முடியாம உச்சத்துல இருக்கும்போதுதான். உச்சத்துக்கு மேல ஏறறதுக்கு எடம் ஏது, அடுத்து எறங்கத்தான் செய்யும். அந்த 17 பேருக்கு நான் கடலை மிட்டாய் குடுத்திருந்தாலும் ஐப்பசில பாதிப் பேராவது கொறஞ்சிருக்குன்னுதான் சொல்லிருப்பாங்க.

ரெண்டாவது கோளாறு இன்னும் கேவலம். திரும்பி வராதவங்கள நான் நோட்டுல எண்ணவே இல்ல. அவங்கள்ல ஒருத்தர பஸ் ஸ்டாண்டுல பாத்து, "என்ன அண்ணாச்சி கடைப்பக்கமே காணோம்"னு கேட்டா, "ஒம்ம மாத்திரை ஒண்ணும் கேக்கலடே, நான் தைலத்துக்கு மாறிட்டேன்"ங்கிறார். கேட்டவன் வருவான், கேக்காதவன் ஏன் வருவான்? என் ஆராய்ச்சில ஜெயிச்சவங்க மட்டுந்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க.

இந்த ரெண்டு ஓட்டையையும் அடைக்கத்தான் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை வச்சு, சேந்த எல்லாரையும் கணக்குல எடுத்து சோதிக்கிறது. அமெரிக்காவுல அரசாங்கக் காசுல பண்ணி 2006ல வெளியான கெயிட்னு ஒரு ஆய்வு, முட்டுத் தேய்மானம் உள்ள 1,583 பேர், 24 வாரம். யாருக்கு எந்த மாத்திரைன்னு குலுக்கல்ல முடிவு, குடுக்கிறவனுக்கும் தெரியாது வாங்குறவனுக்கும் தெரியாது. க்ளூக்கோசமைன் எடுத்தவங்கள்ல வலி குறிப்பிட்ட அளவு கொறஞ்சது 64 சதவீதம் பேருக்கு. அட, நல்லாருக்கேன்னு தோணுதுல்லா? டம்மி எடுத்தவங்கள்ல 60.1 சதவீதம். வெறும் டம்மி! என் நோட்டுல 22க்கு 17ன்னு நான் குதிச்சது எவ்வளவு சல்லிசான சந்தோசம்னு அந்த ஒரு நம்பர் சொல்லிருச்சு. இது தற்செயலா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு அவங்களால சொல்ல முடிஞ்சது செலிகாக்சிப்ங்கிற வலி மாத்திரைய மட்டுந்தான், அதுவே 70.1.

ரெப் காட்டுன படம் எதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அதே ஆய்வுல வலி ரொம்ப ஜாஸ்தியா இருந்தவங்கள மட்டும் தனியாப் பிரிச்சு, க்ளூக்கோசமைனும் கான்ட்ராய்ட்டின்ங்கிற இன்னொரு மூட்டு சத்து மாத்திரையும் சேத்து எடுத்தவங்களப் பாத்தா 79.2, டம்மிக்கு 54.3. மொத்தக் குழம்பும் புளிச்சுப்போன பிறகு ஓரத்துல ஒரு கரண்டி எடுத்து நல்லாருக்குன்னு காட்டுற மாதிரி. ஒரு கூட்டத்த நீங்க வயசு வாரியா, எடை வாரியா, வலி வாரியா வெட்டிக்கிட்டே போனா எங்கயாவது ஒரு துண்டுல நல்ல நம்பர் விழத்தான் செய்யும். அது நெசமான்னு பாக்க அந்தத் துண்டுக்காரங்கள மட்டும் வச்சு புதுசா ஒரு சோதனை பண்ணனும். ஸ்பெயின்ல 164 பேர வச்சு இந்த ரெண்டு மருந்து சேந்ததையும் டம்மியையும் பாத்தாங்க, 2017ல வெளியாச்சு, மாத்திரை எடுத்தவங்களுக்கு வலி 19 சதவீதம் கொறஞ்சுது, டம்மிக்காரங்களுக்கு 33. டம்மி ஜெயிச்சிருச்சு!

சரி, காசு போனா போகுதுன்னு விட்டிருப்பேன். எங்க அத்தைக்கும் அதத்தான் குடுத்தேன். அவங்களுக்கு முட்டு மட்டும் இல்ல, ரெண்டு கை விரல் கணுவும் வீங்கும், காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரம் விரல மடக்க முடியாது, டம்ளர் பிடிக்க வராது. நான் நோட்டத் திறந்து காட்டி, "பொறுங்க அத்தை, மூணு மாசமாவது ஆவும்"னேன். மூணு ஏழாச்சு. நடுவுல நடுவுல கொஞ்சம் கொறையும், உடனே நான் "பாத்தீங்களா"ம்பேன். கடைசில திருநெல்வேலி கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துப் பாத்தா சரவாங்கி. அது தேய்மானமே இல்ல, உடம்போட எதிர்ப்பு சக்தியே கணுவப் போட்டு அரிக்கிற நோய், சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சாத்தான் கணு தப்பிக்கும், போன கணு திரும்பாது. அத்தைக்கு வலது கை விரல் ரெண்டு கோணிருச்சு. டாக்டர் "இவ்வளவு நாள் யாரு பாத்தது"ன்னு கேட்டார். அத்தை என்னயக் காட்டிக் குடுக்கல, "சும்மாதான் இருந்தேன்"னுட்டாங்க. அதுதான் இன்னும் குத்துது.

ரத்தத்துல நம்பர் கொறஞ்சா போதும்னு நெனைக்கிறது

ஹோமோசிஸ்டீன்னு ஒண்ணு ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் ஜாஸ்தி வருது. ஃபோலிக் ஆசிட், பி6, பி12 குடுத்தா அது சரசரன்னு எறங்கும். அப்ப அட்டாக்கும் எறங்கணும்லா? 2006ல வந்த ஹோப்-2 ஆய்வுல 5,522 பேருக்கு சராசரியா அஞ்சு வருசம் குடுத்துப் பாத்தாங்க. நம்பர் எறங்குச்சு, அட்டாக் எறங்கல. தெர்மாமீட்டர ஐஸ் தண்ணில முக்கினா காய்ச்சல் போயிருமா? மாத்திரை எடுத்தவன் நல்லா நடந்தானா, ஆஸ்பத்திரில படுக்காம இருந்தானா, உயிரோட இருந்தானான்னுதான் பாக்கணும். அதுக்கு முன்னாடி சொல்ற நம்பர் எல்லாம் வெறும் நம்பர்.

சாப்பாட்டுல இருக்கிற நல்லத மாத்திரைக்குத் தூக்கிக் குடுக்கிறது

கேரட்டு, கீரை, பழம் நெறைய திங்கிறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கம்மின்னு பல ஊர்ல பாத்தாங்க. அப்ப கேரட்டுல இருக்கிற பீட்டா கரோட்டின்தான் காரணம்னு ஊகம் பண்ணி, பின்லாந்துல சிகரெட் பிடிக்கிற 29,133 ஆம்பளைங்கள வச்சு சோதிச்சாங்க. 1994ல முடிவு வந்துச்சு: பீட்டா கரோட்டின் எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் *ஜாஸ்தி*. அமெரிக்காவுல 18,314 பேர வச்சு நடந்த கேரட்ங்கிற சோதனைல (பேரப் பாருங்க) வைட்டமின் ஏயும் சேத்துக் குடுத்தாங்க, அங்க 28 சதவீதம் ஜாஸ்தி, 1996 ஜனவரில பாதியிலயே நிறுத்திட்டாங்க.

தினம் கீரை திங்கிறவன் வேற என்னெல்லாம் பண்றான்னு யோசிங்க. கொஞ்சம் நடப்பான், கொஞ்சம் கம்மியா புகைப்பான், வருசம் ஒரு தடவ டெஸ்ட் எடுப்பான். சத்து மாத்திரை வாங்குறவங்களும் அப்படித்தான். கடைல நின்னு பாத்தவன் சொல்லுதேன், மாசாமாசம் தவறாம மல்டிவைட்டமின் வாங்குறவர் பிரஷர் மாத்திரையையும் தவறாம வாங்குவார். அவர் நல்லா இருக்கிறதுக்கு எது காரணம்னு எப்படிப் பிரிப்பீங்க?

அட்டையோட முன்பக்கத்த மட்டும் படிக்கிறது

"மீனெண்ண குளிக உண்டோ"ங்கிறது எங்க கடைல தெனம் கேக்குற கேள்வி. முன்பக்கம் 1000 மில்லிகிராம்னு கொட்டை எழுத்துல இருக்கும். திருப்பினா பல பிராண்டுல இபிஏ 180, டிஹெச்ஏ 120 (மீனெண்ணெய்ல இருக்கிற ஒமேகா-3 கொழுப்புக ரெண்டு), அவ்வளவுதான், மிச்சம் சும்மா எண்ணெய். பெரிய ஆய்வுன்னு எல்லாரும் சொல்ற வைட்டல்ல 25,871 பேருக்குக் குடுத்த குளிகைல இந்த ரெண்டும் சேந்தே 840 இருந்துச்சு, அதுலயே அட்டாக், ஸ்ட்ரோக், இதய நோய்ச் சாவு மூணையும் சேத்துப் பாத்தாலும் சரி, கேன்சரும் சரி, பெருசா கொறையல.

2018ல ரெட்யூஸ்-இட்னு ஒரு ஆய்வு வந்தப்ப எல்லாரும் மறுபடி குதிச்சாங்க, அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி விசயங்க 25 சதவீதம் கொறஞ்சுதுன்னு. அது டாக்டர் சீட்டுக்குக் குடுக்கிற சுத்திகரிச்ச இபிஏ, ஒரு நாளைக்கு 4 கிராம். நம்ம கடைக் குளிகைல அந்த அளவு வேணும்னா தினம் 22க்கு மேல முழுங்கணும். அந்த 25ங்கிறதும் 22 சதவீதம் பேருக்கு வந்தது 17.2 ஆனதுதான், அதாவது நூறு பேர்ல அஞ்சு பேருக்குள்ள. சின்ன விசயம்னு சொல்லல, ஆனா 25ன்னு கேட்டா மனசுல வர்ற படமே வேற.

இன்னொண்ணு, அங்க டம்மியா குடுத்தது மினரல் ஆயில். அத எடுத்தவங்களுக்கு கெட்ட கொழுப்பு ஏறிருச்சு. அப்ப மருந்து நல்லது செஞ்சுதா, இல்ல டம்மி கெட்டது செஞ்சுதான்னு இன்னைக்கும் சண்ட. சோள எண்ணெய டம்மியா வச்சு 13,078 பேர்கிட்ட ஸ்ட்ரெங்த்னு ஒரு சோதனை, 2020ல பிரயோஜனம் இல்லன்னு நிறுத்தினாங்க. (அதுல மருந்து இபிஏ டிஹெச்ஏ ரெண்டும் கலந்தது, அதனால அப்படியே நேருக்கு நேர் வைக்க முடியாதுங்கிறதையும் சொல்லிறணும்.)

எலி

சோதனைல எலிக்கு நல்லா கேட்டுருக்கு. நம்ம கஸ்டமர்ல எலி யாரும் கிடையாது.

லைசன்ஸ் நம்பர ஆதாரம்னு நெனைக்கிறது

எஃப்எஸ்எஸ்ஏஐ-யோட (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) அந்த 14 இலக்க நம்பர் பிஸ்கெட் பாக்கெட்லயும் இருக்கு. சத்து மாத்திரை டப்பால பொடி எழுத்துல 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'ன்னும் இருக்கும், அதயும் படிங்க.

முடி மாத்திரையால வேற ஒண்ணும் ஆகாதுன்னு விடுறது

பயோட்டின். ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும்ங்கிற சாமான், கடைல 10,000 இருக்கிறது விக்குது. கேக்குதோ இல்லயோ, சில லேப் டெஸ்ட்ட அது குழப்பிரும், நல்லா இருக்கிற தைராய்ட ஜாஸ்தின்னு காட்டும், அட்டாக் வந்தவருக்கு ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுறது) கம்மியாக் காட்டும். ரத்தம் குடுக்கப் போறப்ப லேப்ல சொல்லுங்க, அவ்வளவுதான்.

எல்லாமே ஏமாத்துன்னு முடிவு கட்டுறது

அத்தை விசயத்துக்கு அப்புறம் நான் போன அடுத்த மூலை இது, இதுவும் தப்புதான். ரெண்டு வருசம் எவன் வந்து கேட்டாலும் "காசு வேஸ்ட்டு"ன்னு ஓட்டி விட்டேன். ஃபோலிக் ஆசிட்டுக்கு இருக்கிற ஆதாரம் சாமானியம் இல்ல. ஏற்கெனவே தண்டுவடக் குறைபாட்டோட குழந்தை பெத்த அம்மாக்கள்கிட்ட, அடுத்த குழந்தைக்கு முன்னாடியே குடுத்துப் பாத்தப்ப அந்தக் குறை 72 சதவீதம் கொறஞ்சுது, 1991ல வந்த ஆய்வு, டம்மி வச்சு, குலுக்கல் போட்டு, குழந்தையப் பாத்தே முடிவு பண்ணது, ரத்த நம்பரப் பாத்து இல்ல. சக்கரை வியாதிக்கு வருசக்கணக்கா மெட்ஃபார்மின் எடுக்கிறவங்களுக்கு பி12 கொறையிறதும் நெசம், கால் மரமரப்புன்னு வந்தா அத டெஸ்ட் பண்ணச் சொல்லணும். வைட்டமின் டி கொறவா இருக்கிறவருக்கு டி குடுக்கிறதும் சரிதான், ஆனா வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதின 60,000 ஐயூ பாக்கெட்ட தினம் ஒண்ணா பால்ல கலக்கிக் குடிச்ச ஒருத்தர் எங்க கடைக்கே வந்திருக்கார், வாந்தியும் மலச்சிக்கலுமா. கால்சியம் ஏகத்துக்கு ஏறிக் கெடந்துச்சு. நல்லதுன்னா நெறைய நல்லதுன்னு ஆயிராது.

அந்தப் புளியரை அண்ணாச்சி கதைக்கு வர்றேன். பையன நகரச் சொல்லிட்டு நான் ரெண்டே கேள்விதான் கேட்டேன். "விரல் கணு வீங்குதா? காலைல எந்திரிச்சா எவ்வளவு நேரத்துக்கு மடக்க முடியல?" வீக்கம் இல்லன்னார், அஞ்சு நிமிசத்துல சரியாயிரும், படி எறங்கும்போதுதான் உசிர் போவுதுன்னார். எதுக்கும் ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிருங்கன்னேன், தொடை சதைக்கு ஒரு எக்ஸர்சைஸ் சொல்லித் தருவாங்க, அத விடாம பண்ணுங்கன்னேன். "அப்ப இந்த மாத்திரை?"ன்னு அட்டையக் காட்டினார். நூத்துல அறுபது பேருக்கு சும்மா மாத்திரைக்கே கொறைஞ்சிருக்கு அண்ணாச்சின்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னயப் பாத்துட்டு, "அப்ப அந்த சும்மா மாத்திரை என்ன வெல?"ன்னு கேட்டாரு பாருங்க, பையன் சிரிச்ச சிரிப்புல அட்டை கீழ விழுந்திருச்சு.