ரயில் கால அட்டவணைத் தரவில் திட்டமிட்ட பயணியர் கொள்ளளவைப் பதிவது எப்படி?

பொதுப் போக்குவரத்துக் கால அட்டவணைகளைப் பகிரப் பயன்படும் ஜிடிஎஃப்எஸ் (GTFS) என்னும் தரவு வடிவத்தின் அடிப்படைக் கோப்புகளில், ஒரு ரயிலில் எத்தனை இருக்கைகள் என்று எழுத இடமே இல்லை. அதன் நிகழ்நேரப் பகுதியில் உள்ள நெரிசல் நிலை, வண்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர, திட்டமிட்ட கொள்ளளவைச் சொல்வதில்லை. ஜிடிஎஃப்எஸ்ஸிலேயே தொடர வேண்டியவர்கள், இந்தக் கொள்ளளவைப் பதிய ஜிடிஎஃப்எஸ்-ரைடு (GTFS-ride) என்னும் நீட்சியைப் பயன்படுத்தலாம்.

பொதுப் போக்குவரத்துத் தரவுக்கான ஐரோப்பியத் தரமான நெட்டெக்ஸில் (NeTEx), முதலில் வண்டி வகையை வரையறுத்து, அதனுள் இருக்கைகள், நிற்கும் இடங்கள், சக்கர நாற்காலி இடங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பதிந்து, பிறகு ஒவ்வொரு பயணத்தையும் அந்த வகையுடன் இணைக்க வேண்டும். மொத்த எண்ணை மட்டும் கொடுப்பது போதாது: நிற்கும் இடம் சதுர மீட்டருக்கு எத்தனை பேர் என்ற அனுமானத்தைப் பொறுத்து மாறுவதால், அது இருக்கைக் கணக்கில் கலந்துவிட்டால் பின்னர் பிரித்தெடுக்க முடியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ, அந்த ஓரிடம் உண்டா என்பதே பயணத்தைத் தீர்மானிக்கும்.

எட்டுப் பெட்டிகளுடன் புறப்பட்டு நடுவழியில் நான்கு நான்காகப் பிரியும் ரயிலுக்கு ஒரே எண்ணை எழுதினால், பிரிந்த பிறகு இல்லாத இருக்கைகளைப் பயணிக்குக் காட்டுவோம். எனவே பிரியும் நிலையத்தை எல்லையாகக் கொண்டு பயணத்தைப் பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் உரிய பெட்டித் தொகுப்பைக் குறிப்பிட வேண்டும். ஞாயிறன்று பெட்டிகள் குறைந்தால், புறப்படும் நேரம் மாறாவிட்டாலும் அதைத் தனிப் பயணமாகவே பதிய வேண்டும்.