உங்கள் பிள்ளையின் விண்ணப்பத்தோடு நான் அனுப்பும் காகிதங்கள்

அமெரிக்காவில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில், மாணவர்களின் கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலராக இருக்கிறேன். நம் தமிழ்ப் பெற்றோர் என் அறைக்கு வந்ததும் முதலில் கேட்பது இதைத்தான்: "எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1540, எல்லாப் பாடத்திலும் ஏ. ஹார்வர்டு கிடைக்குமா மேடம்?" கட்-ஆஃப் பார்த்தே வளர்ந்தவர்கள் வேறு எப்படிக் கேட்போம்? ஆனால் இங்கே கட்-ஆஃப் என்று ஒன்று கிடையாது. ஹார்வர்டு மீது நடந்த வழக்கில் வெளிவந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரே ஆண்டில் விண்ணப்பித்த உள்நாட்டுப் பிள்ளைகளில் முழு ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண்களின் சராசரி) வைத்திருந்தவர்கள் மட்டும் 8,000-க்கு மேல். அனுமதி கிடைத்ததோ மொத்தம் 2,000 பேர் அளவில். அதிலும் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், அனுமதிப் பிரிவுத் தலைவரான டீனின் சிறப்புப் பட்டியலில் இருப்பவர்கள், பேராசிரியர்கள், ஊழியர்களின் பிள்ளைகள் ஆகியோர் விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதம்கூட இல்லை. அனுமதி பெற்றவர்களில் சுமார் 30 சதவீதம். ஆக, மதிப்பெண் போட்டிக்குள் நுழைய மட்டும்தான். அதற்கு மேல் உங்கள் கையில் இருப்பவை சில. அவற்றைச் சொல்கிறேன்.

பிள்ளை காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பம்) 'சப்மிட்' அழுத்துவதோடு விண்ணப்பம் முடிவதில்லை. பள்ளியிலிருந்து நான் தனியாக ஒரு கட்டு அனுப்புகிறேன்: எடுத்த பாடங்களும் மதிப்பெண்களும் இருக்கும் ட்ரான்ஸ்கிரிப்ட், பள்ளியைப் பற்றிய 'ஸ்கூல் ப்ரொஃபைல்', என் பரிந்துரைக் கடிதம், ஒரு படிவம். இதில் ஸ்கூல் ப்ரொஃபைலைப் படித்த பெற்றோர் மிகக் குறைவு. பெரும்பாலும் பள்ளியின் இணையதளத்திலேயே கிடக்கும். கல்லூரி அளவிலான ஏ.பி. பாடங்கள் இங்கே எத்தனை இருக்கின்றன, மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன, எத்தனை பேர் நான்கு ஆண்டுக் கல்லூரிக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்லூரியில் நம் பகுதிக்கென்று ஒரு அதிகாரி இருப்பார். அவர் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உங்கள் பிள்ளையின் ட்ரான்ஸ்கிரிப்டைப் படிப்பார். பள்ளியில் நான்கே ஏ.பி. இருந்து நான்கையும் எடுத்திருந்தால் அது முழு உழைப்பு. இருபது இருந்து நான்கு எடுத்திருந்தால் கதை வேறு.

நான் அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: இந்தப் பள்ளியில் கிடைக்கும் பாடங்களோடு ஒப்பிட்டால் இவர் எடுத்தவை எவ்வளவு கடினம்? ஐந்து படிகளில் ஒன்றை நான் டிக் செய்ய வேண்டும். மிகவும் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கல்லூரிகள் உச்சிப் படியைத்தான் எதிர்பார்க்கும். அதற்கு எங்கள் பள்ளியில் என்ன அளவுகோல் என்று ஒன்பதாம் வகுப்பிலேயே கேளுங்கள். பன்னிரண்டில் வந்து கேட்டால் நான் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்தது கடிதம். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது எங்கள் தேசியச் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் அதைவிட அதிகம். உங்கள் பிள்ளையை எனக்கு முகமாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். அதனால் பதினொன்றாம் வகுப்பின் கடைசியில் ஒரு கேள்வித்தாள் கொடுப்போம். அதில் "கடின உழைப்பாளி, பணிவானவன், தலைமைப் பண்பு உள்ளவன்" என்று எழுதித் தருகிறீர்கள். எல்லா வீட்டிலும் அதே பிள்ளைதான் வளர்கிறது போல. அதற்குப் பதில், வேதியியலில் சி வாங்கிய பிறகு என்ன செய்தான், பாட்டிக்கு உடம்பு முடியாத மாதங்களில் வீட்டில் எந்த வேலை அவன் தலையில் விழுந்தது, யாரும் சொல்லாமலே எதை நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று எழுதுங்கள். ஒரு நல்ல சம்பவம் கிடைத்தால் என் கடிதத்தின் பாதி அதுதான். பரிந்துரைக் கடிதம் எழுதும் இரண்டு ஆசிரியர்களிடமும் அந்தக் கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். ஏ கொடுத்தவரைவிட, பிள்ளை தடுமாறி எழுந்ததைப் பார்த்தவர் பெரும்பாலும் நல்ல கடிதம் எழுதுவார்.

காமன் ஆப்பில், பாடத்துக்கு வெளியே பிள்ளை செய்யும் செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றின் விவரத்துக்கும் இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துகள். பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கட்டுரை 650 சொல்லுக்குள். அதை நீங்கள் திருத்தாதீர்கள். நாற்பத்தைந்து வயது ஆளின் குரல் உடனே தெரிந்துவிடும்.

இனி கல்லூரிப் பட்டியல். தரவரிசையைக் கீழே வைத்துவிட்டு, கல்லூரியின் பெயரோடு 'காமன் டேட்டா செட்' (கல்லூரியே வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு) என்று தேடுங்கள். அதில் சி7 என்ற அட்டவணையில் அந்தக் கல்லூரியே சொல்லியிருக்கும்: எது மிக முக்கியம், எது முக்கியம், எதைக் கணக்கில் எடுப்போம், எதைப் பார்க்கவே மாட்டோம் என்று. விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வத்தைச் சில கல்லூரிகள் கணக்கில் எடுக்கும். அங்கேயென்றால் அவர்களின் இணையவழிக் கூட்டங்களில் பதிவு செய்துவிட்டுக் கலந்துகொள்ளலாம். ஆர்வத்தைக் கணக்கில் எடுக்காத கல்லூரிக்கு அதற்காக விமான டிக்கெட் எடுக்காதீர்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகம் தனி உலகம்: எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதே இல்லை, பொதுவாக என் கடிதமும் வேண்டாம், எட்டுக் கேள்விகளில் நான்குக்கு 350 சொற்களுக்குள் பதில். எம்.ஐ.டி. 2022-லேயே தேர்வு மதிப்பெண்ணைக் கட்டாயமாக்கிவிட்டது. டார்ட்மவுத், ஹார்வர்டு 2024-இல் அதே முடிவுக்கு வந்தன.

நான் அதிகம் வாதாடுவது எர்லி டிசிஷன் பற்றித்தான்: ஒரே ஒரு கல்லூரிக்கு, கிடைத்தால் சேர்வோம் என்ற உறுதியோடு முன்கூட்டியே விண்ணப்பிப்பது. பெரும்பாலும் நவம்பர் 1-க்குள் விண்ணப்பம், டிசம்பர் நடுவில் முடிவு. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். பிள்ளை, பெற்றோர், நான் மூவரும் கையெழுத்துப் போடுகிறோம். அதனால் இரண்டு இடத்துக்கு எர்லி டிசிஷன் போட என் மூலமாக வழியில்லை. எர்லி டிசிஷனில் அனுமதி விகிதம் அதிகம் என்று எல்லோரும் ஓடுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன்பே பேசி வைத்த விளையாட்டு வீரர்களும் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், மற்ற கல்லூரிகளின் உதவித்தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடுகிறது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் 'நெட் ப்ரைஸ் கால்குலேட்டர்' இருக்கிறது; உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியது ஏறக்குறைய எவ்வளவு என்று அது காட்டும். வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். வந்த தொகையைப் பார்த்து வாய் உலர்ந்தால் எர்லி டிசிஷன் வேண்டாம். முன்கூட்டியே விண்ணப்பித்தாலும் சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷன் போதும்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கும் பிள்ளைகளின் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். கூட்டாட்சி அரசின் உதவித்தொகை கிடையாது. இங்கேயே ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும் பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் வரிசையில்தான் வைக்கும். அந்த வரிசைக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் உதவி கேட்பதே அனுமதியைப் பாதிக்கும். ஒவ்வொரு கல்லூரிக்கும் மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டது எதுவும் கணக்கில்லை.

டிசம்பரில் 'டிஃபர்', அதாவது முடிவைத் தள்ளி வைத்திருக்கிறோம் என்று வந்தால் அரையாண்டு மதிப்பெண்ணை நான் அனுப்புவேன். பிள்ளை புதிய செய்தி இருந்தால் ஒரு பக்கம் எழுதலாம், தினமும் எழுதக் கூடாது. மார்ச் கடைசியில் காத்திருப்புப் பட்டியல் என்று வந்தால், கையில் இருக்கும் ஒரு கல்லூரியில் மே 1-க்குள் முன்பணம் கட்டிவிட்டுத்தான் காத்திருக்க வேண்டும். அப்புறம், இடம் கிடைத்துவிட்டதே என்று கடைசி செமஸ்டரைக் கைவிட விடாதீர்கள். பள்ளி முடிந்ததும் இறுதி ட்ரான்ஸ்கிரிப்டையும் நான்தான் அனுப்புகிறேன். அதில் டி இருந்தால் விளக்கம் கேட்டுக் கல்லூரியிலிருந்து கடிதம் வரும். கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அவர்களுக்கு உண்டு.